போங்க

மாசிலாமணி கண்ணை மூடிய நேரத்தில் மனைவி சௌந்தரி வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தாள். ஆனாலும் அவள் குரல் கட்டிலருகே பேசிக்கொண்டிருந்தது. "நீங்க இல்லாதப்ப அவருக்குத் துணையா இருக்கும்மா, ஒரு ஆராய்ச்சிதான்" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை ஒரு மெஷினுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள்.

"நிம்மதியாப் போயிட்டாரும்மா" என்றாள் நர்ஸ், திரும்பி வந்த சௌந்தரியிடம். "கடைசி நேரம் வந்ததும், 'நான் பாத்துக்கறேன், நீங்க போங்க'ன்னு உங்க குரல்லயே சொல்லிச்சு."

"போங்கன்னா?" என்றாள் சௌந்தரி. தெருமுனைக் கடைக்குக் கிளம்பினாலும் 'போயிட்டு வாங்க' என்றே முப்பது வருஷமாக வழியனுப்பியவள் அவள். "பாவிங்களா, இதைச் சொல்லவா என் குரலை வாங்குனீங்க? அவர் ஒண்ணும் சொல்லலையா?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "'வாங்கன்னு சொல்ல மாட்டியா சௌந்தரி'ன்னு ஒரு தடவை கேட்டாரும்மா."