பிசிறில்லாத ஆறு மீட்டர்

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்தத் துணியைக் கையால் தொடவில்லை. பேனா முனையால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். செத்த எலியைப் போடுவதுபோல் கீழே விட்டார்.

"இதை எந்தப் பட்டறையில குடுத்து அடிச்ச?"

"நானே அடிச்சது சார்," என்றாள் துணியைத் தேர்வுக்கு வைத்திருந்த மாணவி.

ஆறு மீட்டர் பருத்தித் துணி. மூன்று நிறத்தில் கொடியும் பூவும், ஸ்கிரீன் வைத்து அடித்தது. சிவப்பு முடிந்த இடத்தில் பச்சை தொடங்கியது. நடுவில் மயிரிழை வெள்ளை கிடையாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

தேர்வாளரின் சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. சாயக் கூடத்துக்குள் அப்படியொரு சட்டையோடு வருகிறவர் எதையும் தொடப்போவதில்லை என்று பார்த்தாலே தெரியும். தொடாமலே எல்லாம் தெரிந்தவர்கள்தானே மார்க் போட வருகிறார்கள்.

மாணவர்கள் அடித்தால் இப்படி வராது என்று அவர் துறைத்தலைவிக்கு விளக்கினார். கூலிக்கு அடிக்கிறவன் செக்குமாடு மாதிரி அடித்துக்கொண்டே போவானாம். அவனுக்குக் கை உண்டு, மனசு கிடையாதாம். அதனால் தப்பும் வராதாம். துறைத்தலைவி தலையாட்டினார். யார் என்ன சொன்னாலும் ஆட்டுகிற தலை அது.

பக்கத்து மேஜைகளில் இன்னும் மூன்று பேரின் துணிகள் விரித்துக் கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் தேர்வாளர் உருகிப்போனார். மூன்றிலும் ஏழாவது பூவில் நிறம் ஒரு நூல் விலகியிருந்தது.

"பாத்தியா? ஏழாவதுக்கு வர்றப்ப கை தளர்ந்துடுது. இது மனுஷன் அடிச்சது. இதுல உழைப்பு இருக்கு," என்றார்.

அந்த மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள், 'அக்கா அக்கா' என்று அவளையே சுற்றி வந்த பிள்ளைகள். அக்கா கேவலப்படுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை போலும்.

இந்த மார்க் வராவிட்டால் அவளுக்குப் பட்டயம் வராது. ஒரு ஆலையில் மேற்பார்வை வேலையை இந்த மாதக் கடைசிவரை அவளுக்காக வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதில் புத்தகத்தைத் தூக்கியவளுக்கு இன்னொரு வருஷம் என்பது சும்மா இல்லை.

"இங்கயே அடிச்சுக் காட்டறேன் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். காட்டு, அதையும் பார்த்துவிடுகிறேன் என்றார்.

அவள் வெள்ளைத் துணி ஒன்றை மேஜையில் இழுத்து ஊசி குத்தினாள். ஸ்கிரீன் சட்டத்தை வைத்து, சாயக் கூழை ஊற்றி, ரப்பர் கட்டையை ஒரே இழுப்பாக இழுத்தாள். முதல் பூ விழுந்தது. அடுத்த இடத்தைத் தாண்டி மூன்றாவதில் சட்டத்தை வைத்தாள். பிறகு நான்கை விட்டு ஐந்தாவதில்.

தேர்வாளர் சிரித்தார். "நடுவுல விட்டுட்டுப் போறியே, மறந்துட்டியா?"

"ஈரத்துல சட்டம் பட்டா அப்பிக்கும் சார். இது காஞ்சப்புறம்தான் விட்டதை அடிக்கணும்."

இந்தத் தொழிலைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர் அவர். "அது தெரியும்," என்றார்.

மின்விசிறிக் காற்றில் பூக்கள் காய்ந்தன. விட்ட இடங்களை அவள் நிரப்பினாள். ஐந்து பூவுக்கும் நடுவே கொடி எங்கே சேர்கிறது என்று தேட வேண்டியிருந்தது. துறைத்தலைவி குனிந்து தேடினார். தேர்வாளர் குனியவில்லை.

ஐந்து பூவை எந்தக் குரங்குக்கும் பழக்கிவிடலாம் என்றார் அவர். ஆறு மீட்டர் அப்படி இல்லையாம். பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டி, பெரிய துப்புக் கிடைத்ததுபோல் நிமிர்ந்தார்.

"மத்தியானம் ஆனா உன்னை இங்க காணவே காணோமே. எங்க போவ?"

"வேலைக்குப் போவேன் சார்."

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. அவள் பார்க்கிற வேலை அவர் தெரிந்துகொள்ளும்படியாகவா இருக்கப்போகிறது. வேலைக்குப் போகிறவளுக்கு ஆறு மீட்டர் அடிக்க நேரம் எங்கே என்பதோடு அவர் விசாரணை முடிந்தது.

கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார். உண்மையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் மறுபடி வரலாம். இல்லாவிட்டால் மோசடி என்று மேலே எழுதிவிடுவார். அவர் சொல்லச் சொல்லத் துறைத்தலைவி எழுதினார்: 'இந்தத் துணியை நான் அடிக்கவில்லை. பட்டறைத் தொழிலாளி ஒருவரிடம் கூலி கொடுத்து அடித்து வாங்கி, என் பெயரில் வைத்தேன்.'

தேர்வாளர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "படிக்க வரும்ல? படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. இந்தப் பிள்ளைங்களைப் பாத்தாவது கத்துக்க."

அவள் ஒரு தடவை படித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக இன்னொரு தடவை படித்தாள். மூன்று பேரும் இப்போது தலை நிமிர்ந்து அவளையே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள்.

அவள் சாயக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தாளை எடுத்து அந்த மூன்று பேர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போட வேண்டியது இவங்க மூணு பேரும் சார். ஒரு பூவாவது தப்பா இருக்கணும்னு சொல்லித்தான் என்கிட்ட அடிச்சு வாங்கினாங்க."