நீலப் பெட்டி

கடை மேசையில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டதுமே தெரிந்துவிட்டது, வலது பக்க வீல் இனி தேறாது.

"ராத்திரி ஃப்ளைட்டு. எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுப்பா" என்றார் மாடிவீட்டு அக்கா.

யாருக்கு ஃப்ளைட் என்று நான் கேட்கவில்லை. எப்போதும் யாராவது ஒருவர் கிளம்புவார்கள்.

இந்த நீலப் பெட்டிக்கு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. ஜிப் மாற்றியிருக்கிறேன், கைப்பிடி மாற்றியிருக்கிறேன். பெட்டி அக்காவுடையது. ஆனால் அதை உருட்டிக்கொண்டு அக்கா தெருமுனைகூடத் தாண்டியதில்லை.

முதலில் அக்காவின் தம்பி கொண்டுபோனார். அப்புறம் தம்பியின் மச்சான். அப்புறம் எதிர்வீட்டு நர்ஸ். எங்கள் தெருவில் வெளிநாடு போனவர்களில் பாதிப் பேர் இதில்தான் துணி அடுக்கினார்கள். அக்கா போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. போய்ச் சேர்ந்ததும், இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது பெட்டியைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

பெட்டி ஒரு தடவைகூட வராமல் போனதில்லை. போனவர்கள்தான் போனில் மட்டும் வந்தார்கள்.

இந்த முறை பெட்டியோடு ஓர் ஆராய்ச்சிக்காரரும் வந்து இறங்கியிருந்தார். மானுடவியலாம். மனிதர்கள் ஏன் ஊர்விட்டு ஊர் போகிறார்கள் என்று படிக்கிறவராம். மனிதர்களைப் படிக்கிற பெண் ஒரு பெட்டிக்குப் பின்னால் எதற்கு அலைகிறார் என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

அவர் ரெக்கார்டரை முக்காலியில் அக்கா பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"போனவங்களைப் பத்தியேதான் எல்லாரும் எழுதிட்டிருக்கோம் அக்கா. போகாம இருந்து அனுப்பி வச்சவங்களைப் பத்தி யாரு எழுதுறா? நீங்க இங்க நின்னதாலதானே அத்தனை பேரும் கிளம்ப முடிஞ்சுது?"

அடேயப்பா! ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

உண்மைதானே. தம்பி அங்கே சம்பாதித்தபோது, படுக்கையில் கிடந்த அப்பாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்தது யார்? நர்ஸின் பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது யார்? அப்பா போன மாதம் கண்ணை மூடினார். நர்ஸின் பிள்ளையும் அம்மா இருக்கிற ஊருக்கே போய்விட்டது, இதே பெட்டியோடு.

"முதல்ல இதை யாருக்காக வாங்குனீங்க?" என்று ஆராய்ச்சிக்காரர் கேட்டார்.

அக்கா சிரித்து மழுப்பினார்.

எனக்குத் தெரியும். விற்றதே நான்தான். அன்றைக்கு அக்கா இதைக் கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டி உருட்டிப் பார்த்தார். முதலில் வெளிநாட்டு வேலை கிடைத்தது தம்பிக்கு இல்லை, அக்காவுக்கு. அந்த வாரமே அப்பா படுக்கையில் விழுந்தார். தம்பி பிறகு வேறு வேலை தேடிக்கொண்டு போனார்.

புது வீலை மாட்டி நிமிர்த்தி வைத்தேன். அக்கா எழுந்து கைப்பிடியை இழுத்தார்.

இந்தக் கோடிக்கு ஒரு தடவை உருட்டினார். அந்தக் கோடிக்கு ஒரு தடவை.



"ஐயோ அக்கா, நீங்களா கிளம்புறீங்க? என் புத்தகமே போச்சு!" என்று கைதட்டிச் சிரித்தார் ஆராய்ச்சிக்காரர். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

அக்காவுக்கோ அப்போதும் வேறு கவலை. "கடைசி வீட்டுப் பொண்ணு அடுத்த மாசம் கிளம்புது. பெட்டி கேட்டிருக்கு. போனதும் யார்கிட்டயாவது குடுத்தனுப்பிடறேன். நீ வாங்கி வச்சிரு."

"ஒண்ணும் வேணாம். அது உங்க பெட்டி, நீங்களே வச்சுக்குங்க. அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லுங்க" என்றேன்.

அக்கா என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். வீல் சத்தமே இல்லாமல் உருண்டது.

ஸ்டூல் மேல் ஏறி, மேல்தட்டில் இருந்ததிலேயே உறுதியான பெட்டியை இறக்கினேன். தூசி தட்டி, விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால், முக்காலியில் இருந்த ரெக்கார்டரை ஆராய்ச்சிக்காரர் மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.