சிமிட்டாத பச்சை விளக்கு

மென்பொருளைப் பொருத்திக் கொடுக்க வந்த நிவேதாவுக்கு உப்பள அலுவலகத்தில் இது மூன்றாவது நாள். பத்து நிமிடம் யாரும் கணினியைத் தொடாவிட்டால், சென்னை சர்வரோடு இருக்கும் இணைப்பு அறுந்துவிடுகிறது.

"இன்னைக்குள்ள சரி பண்ணலன்னா உங்க சாஃப்ட்வேரே வேணாம்மா," என்றார் முதலாளி அந்தோணிதாஸ். அது போனால் அவள் வேலையும் போய்விடும்.

"சும்மா கிடந்தாலும் கட் ஆகாத மாதிரிதான் செட் பண்ணியிருக்கேன் சார். ஏன் போகுதுன்னே புரியல."

"படிச்ச பொண்ணு உனக்கே புரியலன்னா எனக்கு எப்பிடிம்மா புரியும்?"

மதியம் மற்ற எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நிவேதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணிதாஸ் எழுந்து மூலைக்குப் போனார். ரவுட்டரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்தார். இணைப்பு அறுந்தது.

"சார், என்ன பண்றீங்க?"

"பச்சை லைட்டு சிமிட்டல பாரு, ஓட்டம் நின்னுடுச்சு. கால்வாயில ஓட்டம் நின்னா மடைய அடைச்சிடணும்மா, இல்லன்னா பாத்தித் தண்ணி திரும்பிப் போயிடும். ஆளுங்க வந்ததும் நானே தொறந்துவுடுவேன்."

நிவேதா கணினிப் பக்கம் திரும்பினாள். நொடிக்கொரு முறை சர்வரிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தாள்.

மறுநாள் மதியம் கணினியை யாரும் தொடாதபோதும், அந்த ஒவ்வொரு கேள்விக்கும் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. சுவிட்ச் வரை போன கையை அந்தோணிதாஸ் இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, இத மொத நாளே பண்ணியிருக்கலாம்ல?"