டாக்டர் சொன்னது

நாகர்கோவிலிலிருந்து அந்தத் தீவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து ஜெசிந்தாவுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. தீவின் பாஷையில் மீன், மழை, உட்கார் என்கிற அளவுக்குத்தான் அவளுக்கு வரும். ஆங்கிலம் மட்டுமே பேசும் டாக்டர் படகில் வந்தபோது, மொழிபெயர்க்க அவளைக் கூப்பிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த அவளுடைய மாணவி நஹுலாவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லிடுங்க டீச்சர். சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

"என்ன சொல்றாரு டீச்சர்?" என்று தாய் கேட்டாள். அது புரிந்தது. சாவுக்கு அந்தப் பாஷையில் என்ன சொல் என்று ஜெசிந்தா யாரிடமும் கேட்டு வைத்திருக்கவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது. தாய் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, நிதானமாக, வெகுநேரம் ஏதோ சொன்னாள். அதில் நஹுலா என்ற பெயர் மட்டும் ஜெசிந்தாவுக்குப் புரிந்தது.