கழுவி வைத்த ஸ்ட்ராபெரி

ஜீவனஹள்ளியின் சனிக்கிழமை வெயில் சமையலறை மேடைவரை வந்திருக்கிறது. சங்கமித்ரா பிரிட்ஜிலிருந்து டப்பாவை எடுத்துத் திறக்கிறாள். மூடி உள்ளே வியர்த்திருக்கிறது. அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர். நாளை வரப்போகும் நாத்தனாருக்காக சிவாஜிநகரில் வாங்கிய ஸ்ட்ராபெரி. "கழுவியா வெச்சீங்க?" கணவன் கிரண் தலையைச் சொறிகிறான். "சுத்தமா இருக்கட்டும்னுதான்..." "ஈரத்தோட மூடுனா கெட்டுப்போயிடுங்க!" துண்டை விரித்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறாள். வெள்ளையாகப் பூசணம் பூத்த இரண்டும், அவற்றை ஒட்டிக் கிடந்ததும் குப்பைக்குப் போகின்றன. மற்றவை ஃபேன் காற்றில் பளபளவென்று உலர்கின்றன. லேசாகக் கன்றிய ஒன்றை அழுத்திப் பார்த்து, "இது நாளைக்குத் தாங்காது" என்று வாயில் போட்டுக்கொள்கிறாள். கண்கள் விரிகின்றன. அடுத்ததை எடுக்கிறாள். "இதுவும் தாங்காது." கிரணும் ஒன்றை எடுத்து, நாடி பார்ப்பதுபோல் விரல்களில் பிடித்து, "பாவம், இதுவும்தான்" என்கிறான். நல்ல கெட்டிப் பழம். அவன் பல்லில் நறுக்கென்று உடைகிறது. இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்கிறார்கள். "அப்போ அக்காவுக்கு?" என்கிறான் கிரண். "வாழைப்பழம்னா உங்க அக்காவுக்கு உசுரு" என்கிறாள் சங்கமித்ரா, துண்டில் மிச்சமிருக்கும் சிவப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.