புறங்கை

“தொடுறது புறங்கையால. உள்ளங்கையால இல்லை,” என்று செந்தூரன் சேர் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

சுங்கத்துக்குப் புதிதாக எடுபட்ட பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். சுதாஜினியும் ஆட்டினாள்.

கொழும்பில் புத்தகப் படிப்பு முடிந்துவிட்டது. பயணியின் உடலைச் சோதிக்கிற செயன்முறைப் பரீட்சை ஒன்றுதான் மிச்சம். அதற்காக வவுனியாவுக்கு வடக்கே, கண்டி வீதியோரம் சும்மா கிடந்த தகரக் கொட்டில் ஒன்றுக்கு நீல வர்ணம் அடித்து வைத்திருந்தார்கள். முன்பு எதற்குக் கட்டிய கொட்டில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதில் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வீடு முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்றுக் கிராமத்தில். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் சுதாஜினி. பட்டம் வாங்கிவிட்டு வருசக்கணக்காகச் சும்மா இருந்த முதல் ஆளும் அவள்தான். ‘கம்பசுக்குப் போன பிள்ளை இப்ப என்ன செய்யுது?’ என்று வாயைக் கிளறிய சனத்துக்கு அம்மா இப்போதுதான் நிமிர்ந்து பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். வேலை நிரந்தரமாக வேண்டுமென்று வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலும் நேர்ந்திருந்தார்.

அதே அம்மாதான், சீருடை போட்டு, கொண்டை முடிந்துகொண்டு வந்து நின்ற மகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கொண்டை வேண்டாம் பிள்ளை. பின்னிக்கொண்டு போவன்.”

அம்மாவும் கொண்டை போடுவதில்லை. ஏனென்று வீட்டில் யாரும் கேட்பதுமில்லை.

இன்று காலை வான் வண்டியால் இறங்கியதும் சுதாஜினி கொட்டிலைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற பாலை மரத்தைப் பார்த்தாள். உள்ளே போனதும், இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துக்கொண்டு போய் மற்றக் கரையில் இருந்தாள்.

“ஏன்டி, தூண் கடிக்குமா?” என்றாள் றிப்கா.

றிப்கா அவளுடைய அறைத்தோழி. தொண்ணூறில் முல்லைத்தீவிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பம், வளர்ந்தது புத்தளம். ஏன் புத்தளத்தில் வளர்ந்தாள் என்பது இருவரும் தொடாத கதை. மற்ற எல்லாவற்றையும் விடிய விடியக் கதைத்திருக்கிறார்கள்.

முதலில் சுதாஜினி பயணி. றிப்கா அதிகாரி.

றிப்கா வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் சுதாஜினியின் சப்பாத்துகள் கழன்றன. கைகள் பக்கவாட்டில் விரிந்தன. கால்கள் அகன்றன. ஒருவரும் சொல்லாமலே திரும்பி முதுகைக் காட்டினாள். மறுபடி திரும்பி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

“வாய்க்குள்ள என்னடி, தங்கக் கட்டியா?”

கொட்டிலே சிரித்தது. செந்தூரன் சேரும் சிரித்தார். “பாருங்கோ, பயணி எண்டால் இப்பிடி ஒத்துழைக்க வேணும்!” நல்ல மனிசன்தான். கொழும்பில், வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர்.

பிறகு ஆள் மாறினார்கள்.

தங்கத் தாள் சுற்றிய சவர்க்காரத் துண்டுதான் கடத்தல் தங்கம். அதை எங்கேயோ ஒளித்துக்கொண்டு றிப்கா வந்து நின்றாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பாடம் முழுவதும் சுதாஜினிக்குத் தண்ணிபட்ட பாடு. அனுமதி கேட்க வேண்டும். திரையை மூட வேண்டும். தலையை மூடியிருக்கிற பெண் என்றால், அவளே கழற்றும்வரை பொறுக்க வேண்டும். புறங்கை, புறங்கை, புறங்கை.

சேர் பார்த்துப் புள்ளி போட வேண்டுமே என்று திரையை மட்டும் இன்றைக்குத் திறந்து ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். எதிரே ஆண்கள் வரிசையாக இருந்தார்கள்.

“தயவுசெய்து...” என்றுதான் தொடங்கினாள்.

வாய் அதோடு நின்றது. கைகள் நிற்கவில்லை.

உள்ளங்கைதான் போனது. கழுத்தைப் பிடித்தது. தோளைப் பிடித்துத் திருப்பியது. சட்டையின் தையலோரம் எல்லாம் கசக்கிப் பார்த்தது. ஒரு குண்டூசி நிலத்தில் விழுந்தது. முக்காடு உருவுப்பட்டு வந்தது. கொண்டைக்குள் விரல்கள் போய் அதைக் குலைத்து உதறின.

றிப்காவின் தலைமயிர் முதுகில் விழுந்தது. தங்கத் தாள் சீமெந்துத் தரையில் உருண்டது.

யாரோ ஒருவன், கண்டுபிடித்துவிட்டாள் என்று கைதட்டத் தொடங்கி, பாதியில் விட்டான்.

“சுதா, என்னடி செஞ்ச?”

றிப்கா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொத்தக் கை போதவில்லை. சுதாஜினி முக்காட்டை நீட்டினாள். றிப்கா வாங்கவில்லை.

செந்தூரன் சேர் எழும்பினார். பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சத்தம் போட்டிருந்தாலும் பரவாயில்லை.

“உம்மை நாங்கள் இப்பிடிப் பழக்கேல்லையே. எங்க பழகினனீர் இதை?”

பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். இன்னொரு தரம் செய்யச் சொல்லி விட்டிருப்பார். நல்ல மனிசன். வேலையும் தப்பியிருக்கும்.

சுதாஜினி தூணைப் பார்த்தாள். அடியில் நீல வர்ணம் உரிந்து, பழைய பச்சை தெரிந்தது.

“இஞ்சதான், சேர்,” என்றாள். “இது ஆமியின்ர சோதனைச் சாவடியா இருக்கேக்க. எனக்கு அப்ப எட்டு வயசு. அந்தத் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். றிப்கா நிக்கிற இடத்தில அம்மா.”

முக்காட்டை நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கவில்லை.

“அண்டைக்கும் திரை திறந்துதான் கிடந்தது.”