ஞாயிற்றுக்கிழமை நிற்கும் மெஷின்

“ஏனுங்க மாரப்பண்ணா, இந்த மெஷினுக்கு ஞாயித்துக்கிழமை லீவு குடுத்தது யாரு?”

ஜீப்பை விட்டு இறங்கும்போதே சசிரேகா கேட்டுவிட்டாள். கோயம்புத்தூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள் முதலாளியம்மா. மாரப்பன் மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கொலக்கம்பையில் இருக்கிறது அவளுடைய காளான் பண்ணை. வாரமெல்லாம் ஆட்கள் சத்தம். ஞாயிறு வந்தால் ஆபரேட்டர் மாரப்பன் ஒருத்தர்தான். பனிமூட்டமும், காளான் அறைகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லரும்தான் அவருக்குத் துணை. போன் பேச வேண்டுமென்றால்கூட கேட் வரைக்கும் நடந்தால்தான் சிக்னல்.

அந்தச் சில்லர்தான் கொஞ்ச காலமாக ஞாயிறானால் நின்றுவிடுகிறது. மெக்கானிக் வந்து பார்க்காமல் திரும்ப ஓட்டக் கூடாது என்பது சசிரேகாவே போட்ட சட்டம். குன்னூரிலிருந்து மெக்கானிக் அம்புரோஸ் வருவதற்குள் அறைகள் சூடாகிவிடும். போன வாரம் ஒரு அறைக் காளான் அப்படியே குப்பைக்குப் போனது. அதற்குத்தான் இந்தத் திடீர் விஜயம்.

இன்று காலையும் நின்றுபோயிருந்தது. அவள் வருவதற்குள் அம்புரோஸ் வந்து ஓட்டிவிட்டிருந்தார். சர்ச் முடிந்து நேராக வந்த வெள்ளைச் சட்டை, கையில் கிரீஸ்.

“என்ன கோளாறுங்க?”

“ஃப்ளோ ஸ்விட்ச் மேடம். குழாய்ல தண்ணி ஓட்டம் குறைஞ்சா உள்ளேயே ஐஸ் கட்டி வெடிச்சிரும். அதுக்கு முன்னால இது மெஷினை நிறுத்திடும். அது வேலையை அது செய்யுதுங்க.”

“மெஷின் கம்பெனியில கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். வாரக் கடைசியில ஃபில்டர்ல கொஞ்சம் அழுக்கு சேரும், தண்ணி லேசாக் குறையும். அதுக்கெல்லாம் நிக்காதாம். ஸ்விட்சுக்குள்ள இருக்கிற திருகை யாராவது இறுக்கி வச்சாத்தான் நிக்குமாம்.”

அவளே மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். திருகின் தலையில் புதுக் கீறல்கள்.

அம்புரோஸ் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வருஷக் காண்ட்ராக்ட். எத்தனை தடவை வந்தாலும் தனியாகப் பைசா கிடையாது, பெட்ரோல்தான் தண்டம். நஷ்டப்படுவதற்கென்று யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா?

அவள் பார்வை பக்கத்திலிருந்த மாரப்பனின் குவார்ட்டர்ஸுக்குள் போனது. இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அடுப்பில் இரண்டு பேருக்குச் சோறு. ஜன்னலில் பிரிக்காத வர்க்கி பிஸ்கட் பொட்டலம். தரையில் சாக்பீஸால் போட்ட தாயக்கட்டம், பல தடவை அழித்து எழுதியது.

“காலையிலயே ரெண்டு பேருக்குச் சோறு ஆக்கியிருக்கீங்க. அப்ப மெஷின் நிக்கப் போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்?”

அம்புரோஸ் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார்.

“நான்தானுங்க மேடம்,” என்றார் மாரப்பன் அவசரமாக.

“என்னது?”

“ஞாயித்துக்கிழமை பேச ஆளில்லீங்க. காரமடையில சம்சாரம் மரகதம் இருக்கா, பையன், பேத்தி எல்லாம் இருக்காங்க. இங்க இந்த மெஷின் சத்தந்தான். ஒரு நாளைக்கு நம்ம குரலே நமக்கு மறந்து போயிருமாட்ட இருக்குதுங்க. மெஷின் நின்னா இவரு வருவாரு. ஒரு வாய் சோறு, நாலு பேச்சு. அதுக்குத்தானுங்க.”

சசிரேகாவுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் உதவவில்லை. ஆனால் அடுத்த அறைக் காளானையும் குப்பையில் கொட்ட முடியாதே.

“வேலையை விட்டு அனுப்பலீங்க. ஆனா மெஷின் பக்கம் இனி நீங்க வேண்டாம். நாளைக்கே மேட்டுப்பாளையம் குடோனுக்குப் போயிருங்க. வாட்ச்மேன் வேலைதான், சம்பளம் குறையும். ஊட்டுக்காவது தினமும் போகலாம்.”

“சரிங்க மேடம்.”

ஆபரேட்டர் மாரப்பன் என்று குன்னூர் வரைக்கும் பேர் எடுத்தவர். ஒரு நிமிஷத்தில் வாட்ச்மேன் ஆகிவிட்டார். மப்ளரைத் திரும்பக் கட்டிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“அம்புரோஸ் சார், திருகைச் சரி பண்ணி மேல சீல் வச்சிருங்க. இனிமே உங்களுக்கும் ஞாயித்துக்கிழமை அலைச்சல் இல்லை, ஊட்டுல நிம்மதியா இருக்கலாம்.”

அம்புரோஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜீப் பனிமூட்டத்துக்குள் போய், அதன் சத்தமும் அடங்கியது. அம்புரோஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?”

“பேச ஆளில்லைன்னது பொய்யில்லீங்களே. வாங்க, சோறு ஆறுது.”

மாரப்பன் இரண்டு தட்டுகளையும் நிமிர்த்திப் போட்டார். ரசத்தைச் சூடு பண்ணினார். வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். அம்புரோஸ் வந்து எதிரில் உட்கார்ந்ததும் மாரப்பன் சொன்னார்:

“உங்க ஊட்டம்மா தெரேசாம்மா தவறிப் போன பொறகு ஞாயித்துக்கிழமை ஊட்டுக் கதவைத் திறக்கவே உங்களுக்குப் புடிக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க. அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிருங்க. இங்க மாதிரி, போகும்போது நீங்க இறுக்கி வச்சுட்டுப் போறதுக்கு அங்க திருகு எதுவும் கிடையாது, சும்மாவே வரணும் நீங்க.”